எழுத்து இரண்டாகத் தெரியும் காசு: டபுள் டையா, இயந்திரம் இழுத்ததா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய காசு சேர்க்கிறவன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால் போதும். கோயில் வாசலிலும் சாப்பாட்டுக் கடையிலும் ஆட்கள் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து நீட்டுவார்கள். தோட்டத்து லயத்தைக் காலி செய்துவிட்டு வீடமைப்புப் பகுதிக்குக் குடிபோகும்போது அலமாரி மேலிருந்து ஒரு மைலோ டின் இறங்கும். அதற்குள் பாட்டி போட்டுவைத்த சில்லறை இருக்கும். அதில் ஒன்றின் ஆண்டு எண் இரட்டையாகத் தெரியும். அப்படிப்பட்ட காசு பல ஆயிரம் வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, போனதாக யாரோ கைப்பேசியில் காணொளி காட்டியிருப்பார்கள். பிறகென்ன, என்னைத் தேடுவார்கள். ஒரே பதிலை வாயால் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதிவைப்பது மேல்.

டபுள் டை என்று எதைச் சொல்கிறோம்?

காசில் உருவம் புடைத்து நிற்கிறது. ஆகையால் அதைப் பதிக்கும் அச்சில், அதாவது டையில், உருவம் குழிந்து இருக்கும். அந்தக் குழியை அச்சில் உண்டாக்க இன்னொரு கருவி வேண்டும். காசைப் போலவே உருவம் புடைத்து நிற்கும் எஃகுத் தண்டு அது. ஹப் என்பார்கள், இங்கே தாய் அச்சு என்று வைத்துக்கொள்வோம். தாய் அச்சை மென்மையான எஃகின் மேல் பெரும் பலத்தோடு அழுத்தினால் அச்சு பிறக்கிறது. ஆனால் குளிர்ந்த எஃகு அழுத்த அழுத்த இறுகிப்போகும். ஒரே அழுத்தத்தில் உருவம் முழுதாக இறங்காது. அதனால் அச்சை உலையில் காய்ச்சி இளக்கி, மறுபடியும் தாய் அச்சின் கீழ் வைத்து அழுத்துவார்கள். பழைய முறையில் இது சில தடவை நடக்கும். அடுத்த தடவை வைக்கும்போது மயிரிழை விலகினாலும் அச்சில் இரண்டு உருவம் விழுந்துவிடும். அந்த அச்சு அடித்துத் தள்ளும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை, அதே இடத்தில், அதே அளவில் இருக்கும்.

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ஆங்கூ குவே என்னும் அச்சுப் பலகாரம் விற்பவரின் மர அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சிலேயே கோடு இரட்டையாகச் செதுக்கப்பட்டிருந்தால் அன்றைக்குச் செய்த அத்தனை பலகாரத்திலும் கோடு இரட்டையாகவே இருக்கும். அச்சு சரியாக இருந்து, தட்டி எடுக்கும்போது கை சறுக்கினால் அந்தப் பலகாரம் மட்டும் இழுபடும். முன்னது டபுள் டை. பின்னது இயந்திர இரட்டிப்பு.

இயந்திர இரட்டிப்பு எப்படி வருகிறது?

காசடிக்கும் இயந்திரத்தில் மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் ஒரு வளையம். நடுவில் வெற்று வில்லை வந்து விழ, அச்சுகள் மோத, காசு வெளியேறும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் இது நடக்கிறது. அச்சைப் பிடித்திருக்கும் பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தால், உருவம் முழுதாகப் பதிந்த பிறகு, அச்சு காசைவிட்டு விலகுகிற அந்தக் கணத்தில் பக்கவாட்டில் துளி அசையும். அசையும்போது அப்போதுதான் புடைத்த எழுத்தின் ஓரத்தைத் தேய்த்து நசுக்கிவிட்டுப் போகும். அச்சில் எந்தக் குறையும் இல்லை. குறை, பிடித்த பிடியில்.

பிடி தளர்ந்த நேரத்தில் அடித்த காசுகள் பலவற்றிலும் இது இருக்கும். ஆனால் ஒன்றில் இருப்பது போல இன்னொன்றில் இருக்காது. ஒன்றில் அதிகம், அடுத்ததில் கொஞ்சம், அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை என்று போகும்.

சரி, கையில் இருக்கும் காசைப் பார்த்து எப்படிச் சொல்வது?

நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எழுத்து கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

டபுள் டையில் அச்சுக்குள் இரண்டு குழி. இரண்டிலும் உலோகம் ஏறி நிரம்புகிறது. ஆகவே எழுத்து வழக்கத்தைவிடத் தடித்திருக்கும். இயந்திர இரட்டிப்பில் புதிதாக ஒன்றும் சேரவில்லை. இருந்த எழுத்தின் ஓரம்தான் நசுங்கி இரண்டாவது கோடாகத் தெரிகிறது. ஆகவே நல்ல எழுத்து மெலிந்திருக்கும். எழுத்தையும் அதன் நிழலையும் சேர்த்து அளந்தால் சாதாரணக் காசின் எழுத்து அகலம்தான் வரும். இதற்காகவே அதே ஆண்டு, அதே மதிப்புள்ள சாதாரணக் காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது இரண்டாவது உருவத்தின் தோற்றம். டபுள் டையில் அது முதல் உருவத்தைப் போலவே உருண்டு, புடைத்து, தனக்கென ஒரு மேடு உள்ளதாக இருக்கும். காசின் மேற்பரப்பில் எப்படி மினுமினுப்பு ஓடுகிறதோ அதே மினுமினுப்பு அதன் மேலும் ஓடும். இயந்திர இரட்டிப்பில் அது தட்டையான படி. உயரம் குறைவு, தளத்தை ஒட்டிப் படுத்திருக்கும், மேற்பகுதி வழித்து எடுத்தது போலப் பளபளக்கும்.

மூன்றாவதாக எழுத்தின் மூலைகளைப் பாருங்கள். மலேசியா என்ற சொல்லில் வரும் எல், ஐ போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளின் முனை இதற்கு வசதி. உண்மையான டபுள் டையில் இரண்டு முனைகளும் சந்திக்கும் இடத்தில் சிறிய பிளவு, வி வடிவ வெட்டு போலத் தெரியும். இயந்திரம் இழுத்ததில் அந்தப் பிளவு இருக்காது. ஓரம் ஒரே சரிவாக வழிந்திருக்கும்.

மூன்றும் சேர்ந்து வந்தால் நான் நம்புவேன். ஒன்று மட்டும் வந்தால் காசை வாங்கிவைத்துக்கொண்டு இன்னொரு நாள் நல்ல வெளிச்சத்தில் பார்ப்பேன். டபுள் டையிலும் சில வகைகளில் இரண்டு கோடு தனித்தனியாகப் பிரியாது. எழுத்து கொழுத்துப்போய் மட்டும் நிற்கும். அதை முதல் பார்வையில் யாராலும் சொல்ல முடியாது.

பார்க்க என்ன கருவி வேண்டும்?

10 மடங்கு பெருக்கும் லூப் ஒன்று. நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பது. மேசை விளக்கு ஒன்று. 100 மடங்கு, 200 மடங்கு நுண்ணோக்கி வாங்கியவர்கள் காசின் ஒவ்வொரு கீறலையும் அதிசயமாகக் கொண்டுவருகிறார்கள், அது வேண்டாம்.

விளக்கை எப்படி வைப்பது?

பக்கவாட்டில், தாழ்வாக. பிறகு காசை மெதுவாகச் சுழற்றுங்கள். அண்மையில் ஒரு பெண்மணி கொண்டுவந்த வாவ் பட்டம் போட்ட 50 சென் காசைச் சொல்கிறேன். 1989-இல் வந்த செம்பருத்திப் பூ வரிசையைச் சேர்ந்தது. எழுத்துகள் எல்லாவற்றுக்கும் வலப்பக்கம் ஒரு வெள்ளிக் கோடு. நேராகப் பார்த்தால் அச்சு அசல் இரட்டை. காசைக் கால்வட்டம் திருப்பியதும் அந்தக் கோடு சட்டென்று அணைந்து கறுத்தது; இன்னும் கொஞ்சம் திருப்பியதும் எல்லா எழுத்துகளிலும் ஒரே நேரத்தில் மின்னியது. வழித்து எடுத்த தட்டைப் பரப்பு கண்ணாடி போல ஒளியை மொத்தமாகத் திருப்பி அனுப்பும். உருண்ட மேடாக இருந்தால் ஒளி அதன் மேல் படிப்படியாக நகர்ந்து போகும். அந்த 50 சென், 50 சென்தான். அவர் பக்கத்துக் கடையில் அதைக் கொடுத்து மீ கோரேங்குக்குச் சில்லறை கட்டினார், நல்ல மனசு.

இரண்டாவது கோடு எல்லா எழுத்துகளிலும் ஒரே திசையில் இருக்கிறது. அது டபுள் டைக்கு ஆதாரம் ஆகாதா?

ஆகாது. அச்சு ஒரு பக்கமாக அசைந்தால் எல்லாம் ஒரே பக்கமாகத்தான் இழுபடும். டபுள் டையிலும் ஒரே பக்கமாக நகர்ந்த வகை உண்டு. ஆனால் பெயர்பெற்ற பல டபுள் டைகள் சுழன்று விலகியவை: மையத்தில் விலகல் குறைவு, விளிம்பை நோக்கிப் போகப்போக அதிகம், காசைச் சுற்றி வரவர அதன் திசையும் மாறும். இரண்டு அழுத்தங்களுக்கு வெவ்வேறு தாய் அச்சைப் பயன்படுத்தியதால் வந்த டபுள் டையும் உண்டு. அமெரிக்காவின் 1942-ஆம் ஆண்டு 10 சென்ட் காசு சிலவற்றில் 2-க்கு அடியில் 1 தெரிகிறது. 1941 தாய் அச்சால் ஒரு தடவையும் 1942 தாய் அச்சால் ஒரு தடவையும் அழுத்திய அச்சு அது.

புத்தகங்களில் எல்லாம் 1955 சென்ட் என்று பேசுகிறார்களே, அது என்ன கதை?

பிலடெல்பியா நாணயச் சாலையில் 1955-இல் அடித்த லிங்கன் தலை போட்ட ஒரு சென்ட். ஆண்டு எண்ணும் சுற்றியுள்ள எழுத்துகளும் லூப் இல்லாமலே இரண்டிரண்டாகத் தெரியும். அங்கே கண்டுபிடிப்பதற்குள் அந்தக் காசுகள் மற்றவற்றோடு கலந்துவிட்டன. மொத்தத்தையும் உருக்குவதற்கு மனமில்லாமல் வெளியே விட்டுவிட்டார்கள். 20,000-க்கு மேல் புழக்கத்துக்குப் போனதாகக் கணக்கு. 23 சென்ட் விலையுள்ள சிகரெட் பெட்டியைத் தானியங்கி இயந்திரத்தில் 25 சென்ட் போட்டு எடுப்பார்கள். மீதி 2 சென்ட்டைப் பெட்டியின் கண்ணாடித்தாளுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அந்த வழியாகப் பல காசுகள் மக்கள் கைக்கு வந்தன. புகைத்தவர்களுக்கு அதில் கிடைத்த ஒரே நன்மை இதுவாகத்தான் இருக்கும்.

1972, 1995 ஆண்டுச் சென்ட்களிலும் புகழ்பெற்ற டபுள் டை உண்டு. ஆனால் நம் தலைப்புக்கு உண்மையான பாடம் 1969-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ சென்ட்.

1969 சென்ட்டில் அப்படி என்ன?

அதில் மிக அரிய டபுள் டை ஒன்று இருக்கிறது. அதே ஆண்டு, அதே நாணயச் சாலையில் அடித்த காசுகளில் இயந்திர இரட்டிப்பும் தாராளமாக இருக்கிறது. ஆகவே பல்லாண்டுகளாக ஏமாந்தவர்களுக்குக் குறைவில்லை. பிரித்துச் சொல்ல ஓர் அழகான வழி உண்டு. அந்தக் காலத்தில் எந்த ஊர் நாணயச் சாலை என்பதைக் காட்டும் எஸ் என்ற சிறு குறி தாய் அச்சில் கிடையாது. அச்சு தயாரான பிறகு தனி ஆணியால் கையால் அடித்தார்கள். ஆகவே தாய் அச்சு விலகியதால் வந்த உண்மையான டபுள் டையில் ஆண்டு எண்ணும் எழுத்தும் இரட்டையாக இருக்கும், எஸ் ஒற்றையாக இருக்கும். அச்சு மொத்தமாக அசைந்த இயந்திர இரட்டிப்பில் ஆண்டு எண்ணோடு எஸ்ஸும் சேர்ந்து இழுபட்டிருக்கும். பொய் சொல்லத் தெரியாத சாட்சி அந்த எஸ்.

இன்னொரு வேடிக்கை: அந்தச் சமயத்தில் வேறு இருவர் கள்ளத்தனமாக 1969 இரட்டை எழுத்துச் சென்ட்களை அடித்திருந்ததால், அமெரிக்க அதிகாரிகள் இந்த உண்மையான காசுகளையும் போலி என்று பறிமுதல் செய்தார்கள். பிறகுதான் இவை அசல் என்று ஒப்புக்கொண்டார்கள்.

நாம் அன்றாடம் புழங்கும் சென் காசில் இப்படி நாணயச் சாலைக் குறி இல்லை. ஆகவே இந்தச் சோதனையை நம் காசுக்குப் பயன்படுத்த முடியாது. அமெரிக்கக் காசு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

மலேசியக் காசில் டபுள் டை கிடைக்குமா, கிடைக்காதா?

தாய் அச்சும் அச்சும் உள்ள எந்த நாட்டிலும் இந்தத் தவறு நடக்கலாம். நம் நாடு 1967-இல் நாடாளுமன்றக் கட்டடம் போட்ட வரிசையைக் கொண்டுவந்தது. ஷா ஆலமில் பேங்க் நெகாராவின் நாணயச் சாலை 1971-இல் தொடங்கியது. 1989-இல் செம்பருத்தி வரிசை. 2012-இல் இப்போதைய வரிசை புழக்கத்துக்கு வந்தது. இவற்றில் பலவற்றை அடித்த காலம் பல அழுத்த முறைக் காலம்தான். தேடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் யாராவது மலேசிய டபுள் டை என்று நீட்டினால் நான் உடனே கேட்பது, “இதற்கு ஜோடி எங்கே?” ஓர் அச்சு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் காசு அடிக்கும். இரட்டிப்பு அச்சிலேயே இருந்தால் அதே இடத்தில் அதே அளவு இரட்டிப்புள்ள இன்னொரு காசு எங்கோ இருந்தே தீர வேண்டும். இரண்டு காசுகளைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒரே எழுத்தில் ஒரே பிளவைக் காட்டினால் வாதம் முடிந்தது. எனக்குத் தெரிந்து, காட்டுகிறேன் என்று போனவர்கள் இன்னும் திரும்பி வரவில்லை.

எழுத்து கொழுத்துப்போய், மங்கலாக, இரண்டு போலத் தெரிகிறது. இதுவும் டபுள் டையா?

அச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். லட்சக்கணக்கில் அடித்த அச்சின் குழி ஓரங்கள் அரித்து அகன்றுவிடும். எழுத்து ஊதிப்போகும், ஓரத்தில் புகை படிந்தது போல ஒரு நிழல் வரும், பக்கத்துத் தளம் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாகும். 1955 சென்ட் பிரபலமான பிறகு, அதே ஆண்டின் தேய்ந்த அச்சுக் காசுகளை, கடைசி 5 மட்டும் இரண்டாகத் தெரிவதைக் காட்டி, ‘ஏழையின் டபுள் டை’ என்று பெயர் சூட்டி விற்றார்கள். ஏழையிடம்தான் விற்றார்கள் என்பது சரி.

ஒரு காசு இரண்டு தடவை அடிபட்டால்?

அது வேறு. இயந்திரத்துக்குள் சிக்கி மறுபடி அடிபட்ட காசு. அதில் எழுத்து மட்டுமல்ல, பூ, பட்டம், விளிம்பு எல்லாமே இடம் மாறி இரண்டாவது தடவை விழுந்திருக்கும். முதல் உருவம் நசுங்கியிருக்கும். பார்த்தவுடன் தெரியும், லூப் தேவைப்படாது.

பழைய 1 சென் காசில் எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு இருக்கிறது.

காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே எஃகு, மேலே செம்பு. செம்புக்கு அடியில் ஈரம் புகுந்தால் எழுத்தோரத்தில் துரு கோடு போடும். மைலோ டின் வைத்திருந்த அலமாரி எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். கூரை ஒழுகாத லயம் எங்கே இருந்தது? அமெரிக்காவில் 1982-இலிருந்து துத்தநாகத்தின் மேல் செம்பு பூசிய சென்ட்களில் அடிக்கும்போதே பூச்சு எழுத்தோரத்தில் கிழிந்து, உள்ளிருக்கும் துத்தநாகம் சாம்பல் கோடாக வெளியே தெரிவதுண்டு. அதையும் இரட்டிப்பு என்று நினைத்துவிடுவார்கள்.

இப்போதைய காசுகளில் தேடுவது வீணா?

அமெரிக்க நாணயச் சாலை 1990-களின் பிற்பகுதியில் ஒரே அழுத்தத்தில் அச்சு செய்யும் முறைக்கு மாறியது. இனி டபுள் டை செத்தது என்றார்கள். சாகவில்லை. அழுத்தம் தொடங்கும் கணத்தில் அச்சாகப் போகும் எஃகுத் தண்டு சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தால், நடுப்பகுதியில் ஒரு சிறு பதிவு விழுந்து, பிறகு அது நேராகி முழு உருவம் இறங்குகிறது. அதனால் புதிய டபுள் டை பெரும்பாலும் காசின் நடுவில்தான் இருக்கும். லிங்கனின் 200-ஆவது பிறந்த ஆண்டான 2009-இல் வந்த சென்ட்களில், மரக்கட்டையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் இளைஞனின் கையில் கூடுதலாக ஒரு விரல் முளைத்திருக்கும் காசுகள் உண்டு. எல்லாரும் ஆண்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதால் இப்படிப்பட்டவை தப்பிவிடுகின்றன.

இயந்திர இரட்டிப்புக் காசுக்கு விலையே இல்லையா?

அதன் மேல் எழுதியிருக்கும் விலை உண்டு. 1 ரிங்கிட் காசாக இருந்தால் அதுவும் இல்லை; கெரிஸ் கத்தி போட்ட அந்தக் காசு 2005 டிசம்பர் 7-இலிருந்து செல்லாது. வேடிக்கைக்காகச் சேர்ப்பவர் ஒன்றிரண்டு வெள்ளி கூட்டித் தரலாம். அதைத் தாண்டிக் கேட்பவரிடம் வாங்காதீர்கள்; அதைத் தாண்டி விற்றால் வாங்கியவர் என்றாவது உங்களைத் தேடி வருவார். இது சிறிய ஊர்.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கிவிட்டால்?

பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் பெயர்பெற்றவை. பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, இன்ன வகை என்று குறித்துத் தருவார்கள். இயந்திர இரட்டிப்பை அவர்கள் அச்சுப் பிழையாகக் கணக்கிடுவதில்லை. கட்டணம், தபால், காப்புறுதி எல்லாம் கட்டி, சாதாரணக் காசு பெட்டிக்குள் உட்கார்ந்து வரும். முதலில் இந்தப் பக்கத்தில் சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள்.

காசு அழுக்காக இருக்கிறது. கழுவிவிட்டுப் பார்க்கலாமா?

குத்துவிளக்குக்குப் போடும் புளியைக் காசுக்குப் போடாதீர்கள். பிராஸோ போன்ற மெருகு மருந்தும் வேண்டாம். தேய்த்த காசில் மினுமினுப்பு போய்விடும். படியா மேடா என்று ஒளியை வைத்துச் சொல்லும் வழியும் அதோடு போய்விடும். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள்.

படம் எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா, ஐயா?

சொல்கிறேன். ஆனால் ஒரே ஒரு எழுத்தின் மங்கலான படத்தை அனுப்பிவிட்டு “என்ன விலை” என்று கேட்காதீர்கள். முழுக்காசின் இரு பக்கமும் ஒவ்வொரு படம். பிறகு சந்தேகப்படும் இடம் அருகில் இரண்டு படம்: ஒன்று விளக்கு இடப்பக்கம் இருக்கும்போது, இன்னொன்று வலப்பக்கம் இருக்கும்போது. கடைசியாக, அதே ஆண்டின் சாதாரணக் காசை அதன் பக்கத்தில் வைத்து ஒரு படம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் கொண்டுவந்தால் இன்னும் நல்லது; காசை விரல் நுனியால் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், நடுவில் கட்டைவிரல் வைக்காதீர்கள்.